நஞ்சின் தடம் கண்ட ஓர்பிலா

கோப்பி நிறைந்த கிண்ணம் ஒன்று புதியதொரு சாத்திரம் தோன்றுதற்குக் காரணமாயிற்று என்றால் அது வியப்பாகவே தோன்றும். ஆயினும் நிகழ்ந்தது அதுவே. 1813ஆம் ஆண்டிலே, பாரிசு மாநகரில், ஏறத்தாழ இருபத்தாறு வயதினரான இளம் வைத்தியர் ஒருவர், தாமே நடத்திவந்த இரசாயன வகுப்பில் மாணாக்கர் முன்னே நின்றுகொண்டிருந்தார். அன்றைய பாடம் வெள்ளைப் பாஷாணம். ஆசெனிக்கு என்னும் மூலகமும் ஒட்சிசனும் சேர்ந்தமைந்த அவ்வெண்பொடியை நீரிற் கரைத்து, அதனுடன் குறித்த சில கரைசல்களைச் சேர்த்தால், குறித்த நிறமுடைய வீழ்படிவு உண்டாகும் என்பது அக்காலத்து நூல்கள் கூறிய செய்தி. நீரிலே நிகழ்வது மற்றைய பானங்களிலும் நிகழும் என அவ்விளைஞர் உறுதியாக உரைத்தார். உரைத்ததைச் செய்து காட்டும் பொருட்டுக் கோப்பியிலே பாஷாணக் கரைசலைக் கலந்து, சோதனைத் திரவத்தை வார்த்தார். வரவேண்டிய நிறம் வரவில்லை. அழுக்கேறிய வேறொரு நிறமே கிண்ணத்திற் காணப்பட்டது.

ஆசிரியத் தொழில் புரிவோர் இத்தகைய வேளையின் சங்கடத்தை நன்கறிவர். சொன்ன சொல் மாணாக்கர் கண்ணெதிரே பொய்த்துவிட்டால், ஏதேனும் சமாதானங் கூறி, கிண்ணத்தை ஒருபுறம் ஒதுக்கிவைத்து, அடுத்த பாடத்திற்குப் போய்விடுதல் எளிது. அவர் அவ்வாறு செய்திலர். வேறு உணவுச் சாறுகளிலும் வேறு நஞ்சுகளைக் கொண்டும் அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். நூல்கள் சொன்னதொன்று, கண்டது வேறொன்றாகவே இருந்தது.

அப்பொழுது அவர் உள்ளத்தில் எழுந்த வினா மிகப் பெரிது. நஞ்சூட்டிக் கொல்பவன் அதனைத் தூய நீரிலே கரைத்துக் கொடுப்பானோ? உணவிலும் பானத்திலும் மறைத்தன்றோ கொடுப்பான்! இறந்தவன் வயிற்றிலே அந்நஞ்சு எத்தனையோ பொருள்களோடு கலந்தன்றோ கிடக்கும்! தூய நீருக்கு மாத்திரமே பொருந்தும் சோதனைகளை நம்பி, நீதிமன்றங்கள் அதுகாறும் எத்தனை குற்றமற்றோரைக் கொலைக்களத்துக்கு அனுப்பினவோ? எத்தனை கொலைஞரை வீட்டுக்கு அனுப்பினவோ? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கே தம் வாழ்நாளை அர்ப்பணித்த அவ்விளைஞரின் பெயர் மத்தேயு ஓர்பிலா. நஞ்சியல் என்று இன்று வழங்கும் துறையின் தந்தை என உலகம் போற்றும் பெரியார் அவரே.

தீவிலிருந்து தலைநகருக்கு

மத்தியதரைக் கடலிலே இசுப்பானியாவுக்குக் கிழக்கேயுள்ள மினோர்க்காத் தீவின் மாவோன் என்னுந் துறைமுகப் பட்டினத்தில், 1787ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 24ஆந் திகதி ஓர்பிலா பிறந்தார். தந்தையார் வணிகர். மகனும் கப்பலேறிக் கடல்வழித் தொழிலிலே முன்னேற வேண்டும் என்பதே அவர் விருப்பம். மகனும் இளவயதிற் கடற்பயணஞ் செய்து பார்த்தார். மனம் அதிற் பொருந்தவில்லை. வைத்தியம் பயிலவேண்டும் என்ற வேட்கை மிகவே, வலென்சியா நகரத்துப் பல்கலைக்கழகத்தை நாடிச் சென்றார்.

அங்கே அவர் கண்டது பழமையிற் படிந்து கிடந்த கல்வி. பிரான்சிலே லவாசியே முதலிய அறிஞர் இரசாயனத்தைப் புதிய அடித்தளத்தில் நிறுவிவிட்டிருந்தும், அந்த ஒளி வலென்சியாவின் வகுப்பறைகளை எட்டவில்லை. எனவே அப்பேரறிஞர்களின் நூல்களைத் தாமே தேடியெடுத்து இரவும் பகலுங் கற்றார். பின்னர்ப் பார்சலோனா நகரிற் பயின்றபோது அவருடைய திறமையைக் கண்ட அந்நகர வணிகச் சபையார், இரசாயனங் கற்றுத் திரும்பிவந்து தம் நகரிலே போதிப்பதற்கென உபகாரச் சம்பளம் வழங்கி அவரைப் பாரிசுக்கு அனுப்பினர். 1807ஆம் ஆண்டிலே அவர் பாரிசு அடைந்தார்.

அடுத்த ஆண்டே நெப்போலியனுக்கும் இசுப்பானிய மக்களுக்கும் போர் மூண்டது. ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. பகைநாட்டவர் என்று காவலர் அவரைச் சிறையில் இட்டனர். அவரை மீட்டவர் அவருடைய ஆசானாகிய வோக்லன் என்னும் பிரெஞ்சு இரசாயனப் பேரறிஞர். மாணாக்கருக்குப் பிணைநின்று அழைத்துச் சென்ற அந்த ஆசானை ஓர்பிலா என்றும் மறந்தாரல்லர். 1811ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார். தம் செலவிலேயே இரசாயன வகுப்பு நடத்திச் சீவனஞ் செய்தார். அந்த வகுப்பிலேதான் முன்னர்க் கூறிய கோப்பிக் கிண்ணத்தின் நிகழ்ச்சி நடந்தது.

வாரிசுப் பொடி

ஓர்பிலா எதிர்நோக்கிய பகை எத்தகையது என்பதை அறிந்தாலன்றி அவர் செயலின் அருமை விளங்காது. பாஷாணம் என்னுஞ் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. தாளகம், மனோசிலை என்பன நம் மருத்துவ நூல்களிற் பயிலும் பெயர்கள். இரண்டும் ஆசெனிக்கோடு கந்தகஞ் சேர்ந்தமைந்தவை. வெள்ளைப் பாஷாணமோ நிறத்தாற் சீனியையும் மாவையும் ஒத்தது. மணமில்லை, நாவுக்குத் தெரியத்தக்க சுவையுமில்லை. எலி கொல்வதற்கென்று எந்த மருந்துக் கடையிலும் சில காசுக்கு வாங்கலாம். உண்டவருக்கு வாந்தியும் பேதியும் உண்டாகும்; ஆதலால் வாந்திபேதி நோயால் இறந்தார் என்று ஊர் நம்பிவிடும். முதுசத்தை விரைவில் அடைய விரும்பியோர் கையாண்ட பொருளாதலின், பிரெஞ்சு மக்கள் இதனை வாரிசுப் பொடி என்றே கசப்போடு பெயரிட்டு வழங்கினர்.

கண்டுபிடிக்க முடியாத நஞ்சு இரு வகையால் உலகை அழிக்கும். ஒருபுறங் கொலைஞன் அஞ்சாது திரிவான். மறுபுறம், இயற்கை நோயால் ஒருவர் இறந்தாலும், அவருக்குச் சோறு சமைத்தவர்மேல் ஊரார் ஐயங்கொள்வர். அவ்வையத்தைத் தீர்க்க வழியிராது. இவ்விரண்டாவது தீமை முதலாவதிலும் கொடிது. ஓர்பிலா இரண்டையும் உணர்ந்தே எழுதத் தொடங்கினார். கனிப்பொருள், தாவரம், விலங்கு என்னும் மூவகையிலிருந்தும் பெறப்படும் நஞ்சுகள் அனைத்தையும் பற்றிய அவருடைய பெருநூல் 1814ஆம் ஆண்டளவில் வெளிவரத் தொடங்கியது. ஒவ்வொரு நஞ்சும் உடலிற் செய்யும் மாற்றம், அதனை அறியும் வழி, அதற்குரிய மாற்று மருந்து ஆகியவற்றை நிரல்பட வகுத்துக் கூறிய அந்நூல், விரைவிலேயே பிற ஐரோப்பிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. முப்பது வயது நிரம்புமுன்னரே அவர் புகழ் கண்டமெங்கும் பரவிற்று.

அறிஞர்க்கு மாத்திரம் எழுதியமைந்தாரல்லர். நஞ்சுண்டவரையும் மூச்சுத் திணறியவரையும் காப்பாற்றும் முறைகளைப் பொதுமக்களும் விளங்கிக்கொள்ளுமாறு 1818ஆம் ஆண்டிற் சிறு நூலொன்று வெளியிட்டார். வீரம் எனப்படும் இரசக் கூட்டை உண்டவர்க்கு முட்டையின் வெண்கரு மாற்றாக உதவும் என்பது அவர் பரிசோதித்து நிறுவிய செய்திகளுள் ஒன்று. மாற்று மருந்தென்று வழிவழியாக நம்பப்பட்ட பலவற்றைச் சோதித்துப் பயனற்றவை என விலக்கியதும் அவர் செய்த தொண்டேயாம்.

குருதியின் வழி

அக்காலத்தார் நஞ்சை இரைப்பையிலும் குடலிலுமே தேடினர். அங்கே இல்லையாயின் நஞ்சு இல்லை என்று முடிவு செய்தனர். வாந்தியாலும் பேதியாலும் வயிறு வெறுமையான பின் இறந்தவரிடத்து அம்முடிவு எவ்வளவு பொய்யானது! ஓர்பிலா பல்லாண்டு செய்த ஆராய்ச்சியின் பயனாக, உண்ட நஞ்சு வயிற்றோடு நில்லாது குருதியிற் கலந்து ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புக்களிலெல்லாம் சென்று தங்கும் என்பதை ஐயந்திரிபறக் காட்டினார். அன்று தொட்டு வெறும் வயிறும் கொலைஞனைக் காப்பாற்றவில்லை.

இந்த உண்மைக்கு ஊமை உயிர்கள் கொடுத்த விலையையும் மறைத்தலாகாது. அவர் பரிசோதனைகள் பெரும்பாலும் நாய்களின்மேற் செய்யப்பட்டவை. நஞ்சைக் கக்கிவிடாதவாறு அவற்றின் உணவுக்குழாயைக் கட்டிவைப்பதும் அவர் முறையாக இருந்தது. அச்செயலின் கொடுமையையும், அவ்வாறு கட்டுவதனாலேயே உண்டாகும் துன்பம் முடிவுகளை மயக்கும் என்பதையும் அவர் காலத்தவரே எடுத்துக் கூறிக் கண்டித்தனர்.

1819ஆம் ஆண்டிற் பாரிசு மருத்துவ பீடத்திற் சட்ட வைத்தியப் பேராசிரியராகவும், 1823இல் இரசாயனப் பேராசிரியராகவும், 1831இல் அப்பீடத்தின் பீடாதிபதியாகவும் ஓர்பிலா உயர்ந்தார். நல்ல குரல்வளம் வாய்ந்தவராதலின் பாரிசு நகரப் பெரியோர் வீடுகளில் அவர் பாட்டுக்கும் மதிப்பிருந்தது. சிற்பி ஒருவரின் மகளை மணந்து, அறிஞரும் கலைஞரும் கூடும் இல்லத்துக்குத் தலைவராக வாழ்ந்தார்.

மார்ஷின் சோதனை

இந்நிலையில் இங்கிலாந்திலிருந்து புதிய கருவியொன்று வந்தது. வுலிச்சு நகரத்து அரச படைக்கலச் சாலையிற் பணிபுரிந்த யேம்சு மார்ஷ் என்பவர், 1832ஆம் ஆண்டில், பாட்டனாருக்குக் கோப்பியிலே பாஷாணங் கலந்து கொடுத்ததாகக் குற்றஞ் சாட்டப்பட்ட ஒருவனின் வழக்கில் இரசாயனச் சான்று கூறினார். அவர் கண்ட மஞ்சள் வீழ்படிவு, யூரர்கள் பார்ப்பதற்குள் கெட்டுப்போயிற்று. எதிரி விடுதலையானான், பின்னர்க் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மனம் வருந்திய மார்ஷ், எவருங் கண்ணாற் காணத்தக்க சோதனையொன்றை ஆராய்ந்து 1836ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அதன் வகை எளியது. நாகத்துடன் சல்பூரிக்கமிலத்தைச் சேர்த்தால் ஐதரசன் வாயு வெளிப்படும். ஐயத்துக்குரிய பொருளையும் அதனுள் இட்டால், அப்பொருளில் ஆசெனிக்கு இருப்பின் அது ஐதரசனோடு கூடி வாயுவாய் மேலெழும். அவ்வாயுவைக் கொளுத்திச் சுடரின்மேற் குளிர்ந்த பீங்கானைப் பிடிக்க, கரிய பளபளப்பான கறை படியும். ஒரு மில்லிகிராமின் ஐம்பதிலொரு பங்கு ஆசெனிக்கையும் அது காட்டிக்கொடுக்க வல்லது.

அத்துணை நுண்மையே அதற்கு ஆபத்துமாயிற்று. கடையில் வாங்கும் நாகத்திலும் அமிலத்திலுமே சிறிது ஆசெனிக்கு இருத்தல் கூடும். அந்திமனி என்னும் வேறொரு மூலகமும் அதையொத்த கறையையே தரும். அதுவோ அக்காலத்து வைத்தியர் கொடுத்த வாந்தி மருந்திற் சேர்ந்திருந்தது. பிணம் புதைத்த மண்ணிலும் ஆசெனிக்கு இருக்கலாம். ஆதலால், பிணத்தைச் சோதிக்குமுன் சோதிக்கும் பொருள்களையே சோதிக்க வேண்டும். கல்லறை மண்ணையுஞ் சோதிக்க வேண்டும். கறை எதனாலானது என்பதை வேறு வழிகளாலும் உறுதி செய்ய வேண்டும் என ஓர்பிலா விதி வகுத்தார். கருவியைக் கண்டவர் மார்ஷ். அதனை நம்புதற்கு வேண்டிய ஒழுக்கத்தைக் கற்பித்தவருள் முதல்வர் ஓர்பிலா எனலாம்.

தூல் நகரத்து வழக்கு

அவ்வொழுக்கம் உலகின் கண்ணெதிரே சோதனைக்குள்ளான ஆண்டு 1840. பிரான்சின் கொரேசு மாகாணத்திலே கிளாந்தியே என்னும் இடத்தில் இரும்புத் தொழிற்சாலை நடத்திய சார்ல்சு லபார்ஜ் என்பவர், 1839ஆம் ஆண்டு மாரி என்னும் இளம்பெண்ணை மணந்தார். செல்வர் என்று நம்பி வந்த மணமகள் கண்டதோ கடன்பட்ட கணவனையும், எலிகள் ஓடித்திரியும் பாழடைந்த பழைய துறவிமடத்தையுமே. அவ்வாண்டு திசம்பர் மாதம், பாரிசு சென்றிருந்த கணவனுக்கு வீட்டிலிருந்து பலகாரம் ஒன்று அனுப்பப்பட்டது. அதன்பின் நோயுற்ற அவர், வீடு திரும்பி 1840 சனவரி 14ஆந் திகதி இறந்தார். மனைவி எலிக்கென்று பாஷாணம் வாங்கியதும், நோயாளியின் பானத்தில் வெண்பொடி கலந்ததைக் கண்டதாக வீட்டிலிருந்தோர் கூறியதும் சேர்ந்து, அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தின.

செத்தெம்பர் மாதம் தூல் நகரில் விசாரணை தொடங்கிற்று. முதலிலே பிணத்தைச் சோதித்த வைத்தியர் பழைய முறையைக் கையாண்டு பாஷாணம் உண்டு என்றனர். அச்சோதனை நம்பத்தக்கதன்று என எதிரியின் வழக்கறிஞருக்கு எழுதிக் கொடுத்தவர் வேறெவருமல்லர், ஓர்பிலாவே. பின்னர் அயலூர் இரசாயனர் மார்ஷின் சோதனையைச் செய்து, பிணத்திற் பாஷாணம் இல்லை என்றனர். புதைகுழியைத் தோண்டி எடுத்த உறுப்புக்களிலும் இல்லை என்றனர். மாரி விடுதலை பெறுவார் என்றே பலரும் எண்ணினர். ஆனால் வீட்டிலே எஞ்சியிருந்த உணவிலும் பானத்திலும் பாஷாணம் மிகுதியாக இருந்தது. இம்முரண்பாட்டைத் தீர்க்க ஓர்பிலாவையே வரவழைக்க வேண்டும் என்று அரசுத் தரப்பினர் கேட்டனர்.

ஓர்பிலா பாரிசிலிருந்து வந்தார். முன்னர்ச் சோதித்த உள்ளூரார் உடனிருந்து பார்க்க, நீதிமன்றக் கட்டடத்திலேயே இரவெல்லாஞ் சோதனை நடந்தது. மறுநாள், செத்தெம்பர் 14ஆந் திகதி, மன்றிலே தோன்றிப் பிணத்தில் ஆசெனிக்கு உண்டு என்றார். அது சோதனைப் பொருள்களிலிருந்து வந்ததன்று. கல்லறை மண்ணிலிருந்து வந்ததன்று. மனித உடலில் இயல்பாய் உள்ளதுமன்று என ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டினார். உள்ளூரார் காணத் தவறியது கருவியின் குற்றமன்று, கையாண்டவரின் பழக்கக் குறைவே என்றார். அவர் பிரித்தெடுத்த ஆசெனிக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம். ஊசிமுனையளவான அப்பொருளின்மேல் ஒரு பெண்ணின் உயிர் தொங்கிற்று. செத்தெம்பர் 19ஆந் திகதி அவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. ஆயுட்காலக் கடுஞ்சிறை விதிக்கப்பட்டது.

எதிரித் தரப்பு அழைத்திருந்த ராஸ்பாய் என்னும் அறிஞர் தூல் வந்து சேர்ந்தபோது தீர்ப்பு முடிந்துவிட்டது. அத்துணைச் சிறிய அளவை எங்கிருந்தும் பெறலாம், நீதிபதி அமர்ந்திருக்கும் நாற்காலியிலிருந்தும் எடுத்துக் காட்டலாம் என்று அவர் எள்ளினார். நாடு இரு கட்சியாய்ப் பிரிந்தது. தாம் குற்றமற்றவர் என்று இறுதிவரை சாதித்த மாரி, 1852ஆம் ஆண்டில் நோயுற்ற நிலையில் விடுதலை பெற்று, அவ்வாண்டிலேயே இறந்தார். அவ்வழக்குப் பற்றிய வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

தம் பிழையை ஏற்ற தகைமை

இவ்விடத்தில் ஓர்பிலாவின் வாழ்விலே மிகக் கடினமான பகுதியைச் சொல்லவேண்டும். வழக்குக்குச் சற்று முன், நலமுள்ள மனிதரின் எலும்புகளிலும் இயல்பாகவே ஆசெனிக்கு உண்டு என்று அவர் அறிவித்திருந்தார். தூல் நகரிலே, தாம் கண்டது அவ்வியற்கை ஆசெனிக்கன்று என்று விலக்கிக் காட்ட நேர்ந்ததும் அக்கொள்கையினாலேயே. பிறர் அதனை மறுத்தனர். பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தார் ஆராய்ச்சிக் குழுவொன்றை அமைத்து ஆராய்ந்து, 1841ஆம் ஆண்டில், எலும்புகளில் அவ்வாறு காணமுடியவில்லை என அறிக்கை விடுத்தனர். ஓர்பிலாவும் மீண்டும் சோதித்துத் தாம் முன்னர்ச் சொன்னதைக் கைவிட்டார். நாடெங்கும் பகைவர் சூழ்ந்து நின்ற வேளையில், பீடாதிபதி என்னும் உயர் பதவியிலிருந்துகொண்டு அவ்வாறு செய்தல் எளிதன்று. நேற்றுப் பிழைத்தவர் தூல் நகரிலும் பிழைத்திருக்கலாமன்றோ என்று கேட்க அது வாய்ப்பளிக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர்.

விஞ்ஞானத்தின் போக்கு விசித்திரமானது. அவர் கைவிட்ட கருத்திலும் ஒரு துளி உண்மை இருந்தது. பிற்காலத்து நுண்கருவிகள், உணவாலும் நீராலும் வந்து சேரும் மிகச் சிறிய ஆசெனிக்கு எல்லார் உடலிலும் உண்டு எனக் காட்டின. ஆகவே இன்றைய சட்ட வைத்தியர் நஞ்சு உண்டா இல்லையா என்று கேட்பதோடு நில்லாது, எவ்வளவு உண்டு, எவ்வுறுப்பில் உண்டு என்றுங் கேட்கின்றனர். அரை மில்லிகிராமின் பொருள் யாது என்று அன்று எழுந்த வினாவே இன்றைய அளவியலுக்கு வழிதிறந்தது.

அவ்வழக்கின் பின் நஞ்சு விற்பனையைக் கட்டுப்படுத்தப் பிரான்சு 1846ஆம் ஆண்டிற் கட்டளை பிறப்பித்தது. இங்கிலாந்து 1851ஆம் ஆண்டில் ஆசெனிக்குச் சட்டம் இயற்றி, வாங்குவோர் பெயரைப் பதியவும், வெண்பொடியோடு கரியோ அவுரி நீலமோ கலந்து நிறமூட்டவும் விதித்தது. சீனி போலத் தோன்றிய பொருள் இனி அவ்வாறு தோன்றலாகாது என்பதே அதன் கருத்து.

1848ஆம் ஆண்டுப் புரட்சி பிரெஞ்சு அரசைக் கவிழ்த்தபோது, பழைய ஆட்சிக்கு வேண்டியவர் என்று ஓர்பிலா பீடாதிபதிப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் கற்பித்தலை விட்டாரல்லர். தம் பொருளில் ஒரு பகுதியை விஞ்ஞானப் பணிகளுக்கும் நூதனசாலைக்கும் வழங்கிவிட்டு, 1853ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12ஆந் திகதி பாரிசில் இறந்தார். மோன்பர்னாசு இடுகாட்டில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது.

அவரை நஞ்சின் பகைவர் என்பர். உண்மையில் அவர் பகைத்தது ஆராயாத உறுதியையே. கோப்பிக் கிண்ணத்தின் முன்னே நூல்களின் உறுதி உடைந்தது. விஞ்ஞானக் கழகத்தின் முன்னே அவருடைய உறுதியே உடைந்தது. இரண்டிடத்தும் உண்மையின் பக்கமே அவர் நின்றார். இவ்விரண்டுக்கும் இடையே தூல் நகரில், உறுதியாகச் சொல்லியே தீரவேண்டிய ஒரு நாளும் அவருக்கு வந்தது. அன்று அவர் சொன்ன சொல் ஒரு பெண்ணைப் பன்னிரண்டு ஆண்டு சிறையில் வைத்தது. அறிந்தவன் சொல்லுக்கு அத்துணைப் பாரமுண்டு. அதனாலேதான் அறியாததை அறியேன் என்று மாணாக்கர் முன் ஏற்றுக்கொள்ளும் ஆசிரியன், தன் மதிப்பைக் குறைத்துக்கொள்கின்றானல்லன். ஒருநாள் எவரோ ஒருவருடைய உயிரைக் காத்து வைக்கின்றான்.